கையெழுத்து வாங்குவதற்கு முன்னால்: ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் அதிகாரிகள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலில் அறநெறி விதிகளை எழுதுபவர்கள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்கு வைக்கும் சிகிச்சையைப் பற்றி உங்களுக்கு எழுத என்னிடம் டாக்டர் பட்டமோ சட்டப் படிப்போ கிடையாது. பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுப்பதும் மனு எழுதிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பம், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, மீனவர் நல வாரிய அட்டை, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன ஆளையும் படகையும் மீட்டுத்தரச் சொல்லி கலெக்டருக்கு மனு என்று இந்தப் பக்கத்துக் காகிதத்தில் பாதி என் மேசைக்கு வந்துதான் போகிறது. எங்கள் ஆட்களிடம் சம்மதக் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்பதைத் தினம் பார்க்கிறவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

ஏன் இப்போது? அமெரிக்காவில் இது ஒன்றிரண்டு பேருக்கு விதிவிலக்காகச் செய்துபார்த்த கட்டத்தைத் தாண்டிவிட்டது. யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் என்ற நிறுவனத்துக்கு 2025-ல் முறையான மருத்துவப் பரிசோதனைக்கே அங்குள்ள அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. முதலில் 6 பேர், சரியாகப் போனால் 50 பேர் வரை. நம் நாட்டுக்கும் ஒருநாள் வரும் என்றே நினைக்கிறேன். கிட்னி போனவர்கள் இங்கே அவ்வளவு பேர் இருக்கிறார்கள், மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக உங்கள் பட்டியலிலேயே ஆயிரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பரிசோதனைக்கு ஆள் தேடி யாரும் அலைய வேண்டியிருக்காது. அதனால் படிவம் அச்சாகும் முன்பே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சிகிச்சையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கிட்னிக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மிஷினில் படுத்துக் கிடப்பவரிடம் போய் “பன்றியா, வேண்டாமே” என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆராய்ச்சிக்காரர்கள் தாண்டிவந்த தூரமும் கொஞ்சமில்லை. சாதாரணப் பன்றியின் உறுப்பை வைத்தால் நம் உடம்பு நிமிடக் கணக்கில், மிஞ்சிப்போனால் மணிக்கணக்கில் அதைக் கருக்கிவிடும். பன்றியின் செல் மேல் இருக்கும் ஆல்ஃபா-கேல் என்ற ஒரு சர்க்கரைதான் பெரிய காரணம். அதற்கு எதிரான ஆன்டிபாடி நம் எல்லார் ரத்தத்திலும் இருக்கிறது. அந்தச் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவை நீக்கின பன்றிகளை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். இப்போது 10 மரபணு மாற்றிய பன்றி ஒரு நிறுவனத்திடம், 69 இடங்களில் திருத்திய பன்றி இன்னொரு நிறுவனத்திடம்.

பலன் என்ன என்று கேட்டால், 2022 ஜனவரியில் மேரிலாண்டில் பன்றி இதயம் வைத்துக்கொண்ட டேவிட் பென்னட் இரண்டு மாதம் இருந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில் பன்றிக் கிட்னி வைத்துக்கொண்ட 62 வயதுக்காரர் மே மாதம் இறந்தார், கிட்னியால்தான் இறந்தார் என்பதற்கு அறிகுறி இல்லை என்று மருத்துவமனை சொன்னது. அலபாமாவைச் சேர்ந்த டவானா லூனிக்கு 130 நாள் வேலை செய்தது. டிம் ஆண்ட்ரூஸ் என்பவருக்கு 271 நாள், அப்போது அதுதான் சாதனை. இரண்டு பேருக்கும் பிறகு கிட்னியை எடுக்க வேண்டியதாகி டயாலிசிஸுக்கே திரும்பினார்கள்.

271 நாள் மிஷின் இல்லாமல் இருக்கலாம், அப்புறம் என்ன ஆகும் என்று தெரியாது, வருகிறீர்களா என்று எங்கள் ஊர் டயாலிசிஸ்காரரைக் கேட்டுப்பாருங்கள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் வருகிறேன் என்பார். எனக்கு அதுதான் பயம்.

கடைக்கு வரும் ஒருவரைச் சொல்கிறேன். வல்லம் என்ற நாட்டுப் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். இடது கையில் ஃபிஸ்டுலா போட்ட இடத்தில், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தில், நரம்பு முறுக்கிய கயிறு மாதிரி புடைத்திருக்கும், விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. அப்படியென்றால் வலை இழுக்க முடியாது, நங்கூரம் தூக்க முடியாது, தொழில் முடிந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு கொடுத்திருக்கிறார்கள். பங்குனி வெயிலில் டம்ளரில் ஐஸ் கட்டியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொண்டிருப்பார். காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம்தான், ஆனால் போகவர பஸ் காசும், கூட வரும் மனைவியின் ஒருநாள் கூலியும் இலவசம் இல்லையே. கையில் காசில்லாத வாரம் மூன்று தடவை இரண்டாகிவிடும். அவரிடம் நான் ஒரு படிவத்தை நீட்டினால் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார். “எங்கண்ணே போடணும்?” அவ்வளவுதான் கேள்வி. இந்தப் பன்றி விஷயத்தைப் பேச்சுவாக்கில் சொன்னபோது, “ஆட்டுக் கிட்னின்னாலும் சரிண்ணே, வைக்கச் சொல்லுங்க, போட்டுர்றேன்” என்றார்.

இந்த மனிதரின் கையெழுத்தைச் சம்மதம் என்று ஒரு கோப்பில் வைத்துக்கொள்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். உங்கள் மனசுக்குச் சரியா என்று கேட்கிறேன்.

அவருக்கு இன்னொன்றும் தெரியாது. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஏற்றும் ஹெப்பாரின் மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. பன்றியின் வால்வைப் பல பத்தாண்டுகளாக மனித இதயத்தில் வைக்கிறார்கள். கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் பெரியபட்டினத்திலும் இருந்து டயாலிசிஸுக்குப் போகிற முஸ்லிம் மக்களில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்? சொன்னால் மறுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கப்பட்டதும் கூடும் என்பது அவர்கள் மார்க்கத்திலேயே இருக்கிறது, எந்த ஆலிமைக் கேட்டாலும் விளக்குவார். கேட்டு, யோசித்து, பள்ளிவாசலில் பேசி, பிறகு சரி என்பார்கள். அந்த யோசிக்கும் வாய்ப்பைத்தான் இதுவரை யாரும் கொடுத்ததில்லை. “மத உணர்வு” என்று ஒரு தலைப்பைப் போட்டு நீங்கள் ஒரு பத்தி எழுதிக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் பெரிய சிக்கல் அதில்லை.

பழைய கதைகளையும் பாருங்கள். 1964-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி என்ற மருத்துவர் சிம்பன்சியின் இதயத்தை ஒருவருக்கு வைத்தார். நோயாளிக்கு நினைவில்லை, உறவுக்காரப் பெண் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில் குரங்கு என்ற பேச்சே இல்லை, பொருத்தமான இதயம் என்றுதான் இருந்தது. 1984-ல் கலிஃபோர்னியாவில் பேபி ஃபே என்று உலகம் அறிந்த பச்சைக் குழந்தைக்கு பபூன் குரங்கின் இதயம் வைத்தார்கள், மூன்று வாரம்தான். நம் நாட்டிலேயே 1997 ஜனவரியில் அசாமில் தனிராம் பருவா என்ற மருத்துவர் 32 வயதுக்காரர் ஒருவருக்குப் பன்றியின் இதயமும் நுரையீரலும் வைத்தார். ஒரு வாரத்தில் அவர் இறந்தார், மருத்துவர் கைதாகிச் சிறைக்குப் போனார். அவரைப் பிடித்தது 1994-ம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில். மனித உறுப்புக்காக எழுதின சட்டம் அது. பன்றி உறுப்புக்கு அதை இழுத்துப் பிடித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்க முடியாது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் ஏழையின் கிட்னிக்கு ஒரு தனி வரலாறே உண்டு. சென்னை வில்லிவாக்கத்தைக் “கிட்னிவாக்கம்” என்று சொன்ன காலம் இருந்தது. சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் கிட்னியை விற்றது 2007-ல் வெளியே வந்தது. 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள். ஒவ்வொரு தடவையும் தாள்கள் சரியாக இருந்தன. பாசத்தால் கொடுக்கிறேன் என்று கையெழுத்து, அதன்மேல் அனுமதி. நடுவில் ஒரு புரோக்கர். பன்றிக் கிட்னி வந்தால் கிட்னி வியாபாரம் ஒழிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒழிந்தால் சந்தோஷம். ஆனால் உறுப்பு கொடுக்க ஆள் பிடித்த புரோக்கர், உறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் பிடிக்கத் தெரியாதவரா என்ன?

சரி, இதெல்லாம் ஒரு ஆளின் முடிவு சம்பந்தப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். என் உடம்பு, என் உயிர், என் துணிச்சல் என்று அவர் சொல்லலாம். இந்தச் சிகிச்சையில் விஷயம் அந்த ஒருவரோடு முடியவில்லை.

பென்னட்டுக்கு வைத்த இதயத்தில் பன்றிகளுக்கு வரும் சைட்டோமெகலோ வைரஸ் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பன்றியைச் சோதிக்காமல் விடவில்லை. மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்திருக்கிறார்கள், வைரஸ் உள்ளே திசுவில் பதுங்கி இருந்திருக்கிறது. அது மனித செல்லைத் தொற்றியதாகத் தெரியவில்லை, சரி. ஆனால் உலகத்திலேயே சுத்தமாக வளர்த்த பன்றி என்று சொல்லப்பட்டதற்கே அப்படி. இன்னொரு வைரஸ் பன்றியின் மரபணுவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, பெர்வ் என்கிறார்கள். எவ்வளவு சுத்தமாக வளர்த்தாலும் போகாது. ஆய்வகத்தில் அது மனித செல்லைத் தொற்றும் என்று 1997-ல் காட்டினார்கள். இதுவரை எந்த நோயாளிக்கும் தொற்றவில்லை என்பது உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நிறுவனம் அந்த வைரஸை மரபணுத் திருத்தத்தால் செயலிழக்க வைக்கிறது. எல்லா நிறுவனமும் அதைச் செய்வதில்லை. எந்தப் பன்றி நம்மூருக்கு வரும் என்று யார் முடிவு செய்வார்கள்?

நிபா வைரஸை மறந்துவிட வேண்டாம். 1998, 1999-ல் மலேசியாவில் பன்றிப் பண்ணையிலிருந்து அது மனிதருக்கு வந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள், சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். 2018-ல் பக்கத்துக் கேரளாவில் வௌவால் வழியாக வந்தது. உறுப்பு மாற்று செய்தவருக்கோ எதிர்ப்பு சக்தியை மருந்தால் வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள். புதுக் கிருமி ஒன்று மனித உடம்பில் இருந்து பழக அதைவிட வசதியான இடம் கிடையாது.

அதனால்தான் அமெரிக்க விதிகளில், பன்றி உறுப்பு வைத்தவரை ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்றும், அவர் ரத்தம் கொடுக்கக் கூடாது, அவரோடு நெருங்கி வாழ்பவர்களும் கொடுக்கக் கூடாது என்றும், மாதிரிகளை 50 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பரிசோதனையிலிருந்தும் நோயாளி எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அறம். இதில் விலகினாலும் கண்காணிப்பிலிருந்து விலக முடியாது. கையெழுத்துப் போடுகிறவர் தன் மனைவி, பிள்ளைகள், கூட இருக்கும் மாமியார் எல்லாருக்கும் சேர்த்துப் போடுகிறார். அவர்களை யார் கேட்டது?

இதை எங்கள் கரையில் வைத்து யோசித்துப் பாருங்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடு. படகில் போனால் ஒரே சட்டியில் சோறு, ஒரே கேனில் தண்ணீர். அவருக்குப் பன்றிக் கிட்னி வைத்திருக்கிறார்கள், வீட்டோடு எல்லாருக்கும் ரத்தம் எடுக்க ஆட்கள் மாதாமாதம் காரில் வருகிறார்கள் என்று தெருவுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வருமா? 2004 சுனாமிக்குப் பிறகு மீன் பிணத்தைத் தின்றது என்று ஒரு பேச்சு கிளம்பி, வாரக்கணக்கில் மீனை யாரும் சீண்டவில்லை. பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் போட்டுவிட்டு வந்தோம். வதந்தியால் பட்டினி கிடந்த ஊர் இது. ‘அந்த ஊர்ப் படகுல பன்னி நோய் இருக்காம்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், ஏலக்கூடம் காலி. நோயாளியின் பெயரும் ஊரும் வெளியே வராமல் காப்பது அமெரிக்காவில் ஒரு தனிமனிதரின் அந்தரங்கம். இங்கே அது ஊரின் சோறு. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் எழுதின படிவத்தைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் இது அதில் இருக்காது.

உடம்பு விஷயத்திலும் ஒன்று. பன்றிக் கிட்னி சுரக்கும் ரெனின் என்ற பொருள் மனித உடம்பில் ஒழுங்காக வேலை செய்வதில்லை, உடம்பில் நீர் குறையும்போது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதில் இதனால் சிக்கல் வரலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பாஸ்டனில் ஏசி அறையில் இருப்பவருக்கு அதைச் சமாளித்துவிடலாம். உப்பளத்தில் நிற்பவருக்கும், ஏர்வாடிப் பக்கம் நாள் முழுக்கக் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்ணுக்கும் வேர்த்து வடியும். பாறை கீறாமல் பாசி எடுக்க முடியாது, எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் கடல் தண்ணீர்க் காயம் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பரிசோதனை முடிந்து “நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகலாம்” என்று எழுதினால், எந்த வேலைக்கு என்றும் எழுதுங்கள்.

அந்தப் பன்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீனைத் தின்றே வளர்ந்த நான் ஜீவகாருண்யம் பேசினால் சிரிப்பீர்கள். இருந்தாலும், தாய் வயிற்றைக் கிழித்து எடுத்து, தாய்ப்பால் கொடுக்காமல், மண்ணையே மிதிக்க விடாமல் மூடின கட்டடத்தில் வளர்க்கிற உயிர் அது. இறைச்சிக்கு வளர்ப்பதைவிட இது மோசமா என்று எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்ற என்றால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கும் நாலு மாதத்துக்கும் என்று ஆகும்போது கொஞ்சம் இடறுகிறது.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன்.

இங்கே பரிசோதனை வந்தால், ஏழைகளையே சேர்க்காதீர்கள் என்று கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால் நல்லது எல்லாம் பணக்காரனுக்கு என்று ஆகிவிடும். கேட்பது வேறு: ஒருவரைச் சேர்க்கும் முன், அவருக்கு இருக்கிற வைத்தியத்தை முழுசாகக் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். வாரம் மூன்று டயாலிசிஸ் ஒழுங்காகக் கிடைத்ததா, போகவர வண்டி வசதி இருந்ததா, மூளைச்சாவு உறுப்புப் பட்டியலில் அவர் பெயர் ஏறியதா, கொடுக்க முன்வந்த சொந்தக்காரர்களைச் சோதித்தார்களா? 2008-ல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்புத் திட்டத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. உறுப்பு கொடுத்தவருக்கு அரசு மரியாதை என்று 2023-ல் அறிவித்த மாநிலமும் இதுதான். பட்டியலில் பெயரைச் சேர்க்கவே மதுரைக்கு எத்தனை தடவை போக வேண்டும் என்று எங்கள் ஆட்களைக் கேளுங்கள். பாதி வைத்தியம் கிடைத்தவனிடம் கேட்டு வாங்கும் சரியை நான் சரி என்று எண்ண மாட்டேன். மிஷினில் ஓரளவு நன்றாக இருக்கிற ஒருவர் எல்லாம் கேட்டுவிட்டு “ஆமா, வர்றேன்” என்றால், அது சம்மதம்.

கையெழுத்து வாங்குவது ஒரே நாளில் முடியக் கூடாது. வீட்டுக்கு வாருங்கள், வீட்டில் எல்லாரும் இருக்கும்போது பேசுங்கள், இடைவெளி விட்டுத் திரும்ப வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி வேண்டும் என்று இப்போதே விதி இருக்கிறது. நடைமுறையில் அது யார் தெரியுமா? அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் யாரோ. “நீங்களே ஒரு சாட்சி போட்டுருங்கண்ணே” என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்கிறார்கள். இதற்கு வரும் சாட்சி மருத்துவமனைக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லாதவராக, வேண்டாம் என்று சொல்லவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவருக்குச் சம்பளமும் அரசுதான் கொடுக்க வேண்டும்.

பணத்தைத் தெளிவாக எழுதுங்கள். பரிசோதனை முடிந்த பிறகு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துக்கு யார் காசு? கம்பெனி கைகழுவினால் யார்? கிட்னியை எடுக்க வேண்டிவந்தால் பழைய மிஷினில் அவருக்கு இடம் இருக்குமா, உங்கள் பட்டியலில் அவர் பழைய வரிசை எண் இருக்குமா, இல்லை கடைசிக்குப் போக வேண்டுமா? வீட்டாருக்குப் பரிசோதனை என்றால் அன்றைய கூலி யார் தருவார்கள்?

அப்புறம் சாவு. இறந்துபோனால் உடற்கூறு செய்ய வேண்டும் என்பார்கள், ஆராய்ச்சிக்கு அது அவசியம்தான். கீழக்கரையில் மய்யித்தை எவ்வளவு சீக்கிரம் அடக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அடக்குவார்கள். தங்கச்சிமடத்தில் கல்லறைக்குப் போகும் முன் உடலை வீட்டில் வைத்து விடிய விடிய ஜெபம் சொல்வார்கள். உடல் எத்தனை மணி நேரத்தில் திரும்பி வரும் என்பதை உயிரோடு இருக்கும்போதே, அவர் காது கேட்க, மனைவியும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். துக்க வீட்டு வாசலில் நின்று படிவம் நீட்டாதீர்கள்.

விதிகளை எழுதும் முன் ராமநாதபுரம் கரையில் ஒரு கூட்டம் போடுங்கள். சென்னையிலும் டெல்லியிலும் கூட்டம் போட்டுவிட்டு இணையத்தில் கருத்துக் கேட்டால் எங்களுக்கு வந்து சேராது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் ஊரில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள், எங்கள் பக்கம் டயாலிசிஸ்காரர்களுக்குத் தோதான நாள் அதுதான். காலைப் பூசை முடிந்து பதினோரு மணிக்கு என்றால் எல்லாருக்கும் வசதி. ஜமாஅத்திலும் சங்கங்களிலும் நான் சொல்லி வைக்கிறேன், பந்தலும் நாற்காலியும் ஊர் பார்த்துக்கொள்ளும். சம்மதப் படிவத்தின் தமிழ் வரைவை மட்டும் பத்து நாள் முன்னால் அனுப்புங்கள். கடையில் உட்கார வைத்து, கடைசிப் பக்கத்துக்குப் போக விடாமல், முதல் வரியிலிருந்து நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்